மவுஸைக் கண்டு மிரளலாமா?



ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும் நம் சின்னசேலத்து இளைஞர்களிடம், ரயில்வேத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாயா, வங்கித் தேர்வு எழுதினாயா என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் கம்ப்யூட்டரில் எழுதணும் அண்ணே, நமக்குச் சரிப்படாது" என்பார்கள். நாளெல்லாம் செல்போனைத் தேய்க்கிற பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சரிப்படாதாம்!

ஆனால், கேலி செய்வதில் பயனில்லை. செல்போன் பழக்கம் வேறு, தேர்வு மையத்துக் கம்ப்யூட்டர் வேறு. கட்டைவிரலால் தள்ளிப் பழகியவன் அங்கே மவுஸைப் பிடிக்க வேண்டும். கேள்வி திரையில் இருக்கும், கணக்கைத் தாளில் போட வேண்டும், கடிகாரமோ மூலையில் குறைந்துகொண்டே வரும். பாடம் தெரிந்தவனும் தடுமாறத்தான் செய்வான்.

ஒதுங்கிக்கொள்ளவும் வழியில்லை. ரயில்வே, வங்கி, எஸ்.எஸ்.சி. தேர்வுகள் கணினிக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பொறியியல் படிப்புக்கான ஜே.இ.இ. மெயின் 2019 முதல் முழுக்கக் கணினியில்தான். 2021 முதல் அதைத் தமிழிலும் எழுதலாம். 2007இல் நாம் பெற்ற 3.5 விழுக்காடு ஒதுக்கீடு மாநில அளவில்தான். ரயில்வேக்கும் வங்கிக்கும் அது துணைக்கு வராது.

"மெஷின் மார்க்கைக் குறைத்துவிடும்" என்றொரு சந்தேகமும் உலவுகிறது. பல ஷிப்டுகளில் நடக்கும் தேர்வில், உன் ஷிப்டில் எழுதியவர்களில் எத்தனை பேரை நீ எட்டினாய் என்பதைத்தான் ஜே.இ.இ. கணக்கிடுகிறது. குறையே இல்லாத முறை என்று நாமும் சொல்லவில்லை. மறுபுறம், ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் கறுப்பாக்கியதை அழிக்க முடியாது. இங்கே நேரம் முடியும்வரை விடையை மாற்றலாம். விடையைச் சேமிக்காமல் அடுத்த கேள்விக்குத் தாவினால்தான் வம்பு!

நியாயமான கோபமும் உண்டு. 2025 மார்ச் 19 அன்று ரயில்வே உதவி லோகோ பைலட் பணிக்கான இரண்டாம் கட்டத் தேர்வை எழுதத் தமிழக இளைஞர்கள் பலர் தெலங்கானாவரை அலைக்கழிக்கப்பட்டார்கள். போன இடத்தில் தொழில்நுட்பக் கோளாறு என்று திருப்பி அனுப்பினார்கள். சொந்த மாநிலத்தில் மையம் கேட்டு உரக்கக் குரல் கொடுப்போம். ஆனால் அந்தக் கோபத்தை, விண்ணப்பமே போடாமல் இருப்பதற்குச் சாக்காக்கலாமா?

வியாபாரப் பெருமக்களே! உங்கள் கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் இரவு கடை சாத்தியபின் சும்மாதானே கிடக்கிறது? ஒரு மணி நேரம் உங்கள் மகனை, கடையில் வேலை பார்க்கும் பையனையும் சேர்த்து, அதன் முன் உட்கார வையுங்கள். தேசியத் தேர்வு முகமை மாதிரித் தேர்வுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பெண் பிள்ளைகள் இரவில் கடைக்கு வர முடியாது. அவர்களுக்குப் பகல் நேரத்தில் ஜமாஅத் இடத்தில் இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் போதும். மண்டபத்துக்கு ஏ.சி. போட வசூல் செய்யத் தெரிந்த நமக்கு இது பெரிய செலவா?

அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதைப் பேச எழுகிறவர், முதல் கம்ப்யூட்டரை யார் தருவது என்ற கேள்வியோடு எழட்டும்.