எச்.எம். கூட்டத்தில் ஒரு சினிமா

ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகம் 1875இல் தொடங்கப்பட்டது. ஊர் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. நூலகத்துக்கு அந்த மாவட்டக் கலெக்டரின் பெயரையே வைத்தார்கள். பக்கத்து ராஜபாளையத்தில், சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா தன் வீட்டையே கொடுத்து உருவானது காந்தி கலை மன்றம். இரு ஊர்களின் தலைமையாசிரியர்களும் மாதம் ஒருமுறை இவற்றில் ஏதேனும் ஓரிடத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, ஒரு புத்தகத்தைப் பற்றியோ படத்தைப் பற்றியோ பேச வேண்டும். கல்வித் துறை அதைப் பணி நேரமாகவே கணக்கில் கொள்ள வேண்டும்.

எச்.எம்.களுக்குச் சிரிப்பு வரும், கோபமும் வரலாம். எமிஸ் பதிவு, சத்துணவுக் கணக்கு, ஒழுகும் கூரை, காலிப் பணியிடம், கேட்டில் சண்டைக்கு நிற்கும் பெற்றோர். இதற்கு நடுவில் எங்கே படிப்பது? நியாயமான கேள்வி. வீட்டில் போய்ப் படியுங்கள் என்று உபதேசிக்காமல், வேலை நேரத்திலேயே இடம் கேட்பது அதனால்தான்.

இரு ஊர்களும் இப்போது இருக்கிற விருதுநகர், பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம். 2023இலும் முதலிடம். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. ஆனால், கூட்டம் என்றாலே சதவீதம், 'மெல்லக் கற்போர்' பட்டியல், விளக்கம் கேட்டு மெமோ என்று ஆகிவிட்டது. அந்தப் பட்டியலில் இருக்கிற பையனின் வீட்டில் என்ன நடக்கிறது என்ற பேச்சுக்கு அங்கே நேரமே இல்லை.

மஜித் மஜிதியின் ஈரானியப் படம் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) அதைத்தான் பேசுகிறது. தங்கையின் செருப்பைத் தொலைத்துவிடுகிறான் அலி. வீட்டில் சொன்னால் அப்பாவுக்குத் தாங்காது. இருக்கிற ஒரே ஜோடி ஷூவைக் காலையில் தங்கை போட்டுக்கொண்டு போகிறாள். அவள் ஓடிவந்து கழற்றிக் கொடுத்த பிறகு இவன் மாட்டிக்கொண்டு ஓடுகிறான். பள்ளிக்கு லேட். வாசலில் நிற்கும் பொறுப்பாளர் அதட்டுகிறார், அப்பாவைக் கூட்டிவரச் சொல்கிறார். உண்மைக் காரணம் கடைசிவரை அவருக்குத் தெரிவதில்லை. அவர் கெட்டவரும் அல்ல. ஒழுங்கைக் காக்கிறார், அவ்வளவுதான். ராஜபாளையம் மில் ஷிப்டுகளின் ஊர். இங்கே லேட்டாக வருகிற பிள்ளையின் காரணத்தை ஷிப்ட் நேரத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

புள்ளிவிவரப் பிரியர்களுக்கு 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்குனீங்க?' இத்தாலியின் பார்பியானா மலைக்கிராமப் பள்ளிப் பையன்கள் எட்டுப் பேர் சேர்ந்து எழுதி 1967இல் வந்த கடிதத்தின் தமிழாக்கம். யார் பெயிலாகிறார்கள், அவர்களுடைய அப்பாக்களுக்கு என்ன வேலை என்று கணக்குப் போட்டு, பள்ளிக்கூடத்தை அதன் சொந்த எண்களாலேயே மடக்குகிறார்கள். வாய்த்துடுக்கு அதிகம். வாசிக்க அவ்வளவு சுவாரசியம்.

'டோட்டோ-சான்' எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். முந்தைய பள்ளி வெளியேற்றிய சிறுமியை எதிரில் உட்காரவைத்து, அவளுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்கிற வரை நாலு மணி நேரம் கேட்ட கோபயாஷியும் ஒரு தலைமையாசிரியர்தான். அந்த அத்தியாயத்தை மட்டும் கூட்டத்தில் உரக்க வாசித்தால் போதும். இரா.நடராசனின் 'ஆயிஷா' அரை மணி நேர வாசிப்பு. முடித்த பிறகு அரை நாள் வேலை ஓடாது.

'சாட்டை' (2012) ஏன் இல்லை என்று கேட்பார்கள். ஓர் ஆசிரியர் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடுகிற கதை. கைதட்டலாம், மறுநாள் காலை பள்ளியில் செய்ய அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. பத்தே படிகளில் தலைவராகும் புத்தகங்களும் அந்த ரகம்தான்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022 முதல் சிறார் படங்கள் திரையிடப்படுகின்றன. புரொஜெக்டர் இருக்கிறது, திரை இருக்கிறது. படம் ஓடும்போது எச்.எம். மட்டும் தன் அறையில் கணினி முன்னால் இருக்கிறார்.

'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்த மாதக் கூட்டத்தின் முதல் நிகழ்ச்சியாக அதைச் சேர்க்க மாவட்டக் கல்வி அலுவலர் உத்தரவிட வேண்டும். தேர்ச்சி விகிதத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.