வரப்பின்மேல் திறந்து கிடக்கும் குழி



நிலக்கடலை முற்றி, பிடுங்குவதற்கு இன்னும் பத்து நாள் இருக்கும் வேளையில், ஒரே இரவில் கொல்லை முழுவதும் உழுது போட்டாற்போலக் கிடப்பதைக் கண்டு மனம் உடைந்து நின்ற குடும்பங்கள் நம் பங்குகளில் பல உண்டு. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று புகுந்துவிட்டால் தின்பது சிறிது, புரட்டி அழிப்பது பெரிது. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் மட்டும் அழியாமல் நிற்கும். திருப்பாடல் ஆசிரியரும் தம் மக்களுக்கு நேர்ந்த அழிவைச் சொல்ல வந்தபோது, காட்டுப்பன்றி புகுந்து பாழாக்கிய திராட்சைக் கொடியையே உவமையாக எடுத்தார் (திருப்பாடல் 80). உழவனின் இவ்வேதனை அத்துணைப் பழைமையானது. அதை எவரும் எளிதாக எண்ணலாகாது.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர், 1947-இல் நாடு விடுதலை பெற்றபோது சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். உழவுக் குடும்பத்தில் பிறந்த அவருடைய ஆட்சிக் காலத்திலேதான், 1948-இல், ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. நிலக்கடலை இரகங்களோ பல மாநிலங்களின் நிலங்களிலும் விளைந்தவை. மண்ணையே நம்பி வாழும் இத்தகைய ஊர்களில் விளைச்சலைக் காப்பது வயிற்றைப் பற்றிய கவலை. அதை எவ்வழியில் காப்பது என்பதோ மனச்சான்றைப் பற்றிய கேள்வி. இம்மாதம் நாம் பேச விரும்புவது இந்தக் கேள்வியைப் பற்றியே.

பயிரை அழிக்க வரும் பன்றி பெரும்பாலும் பகலில் வருவதில்லை. தூர்ந்துபோன ஏரிகளில் மண்டியிருக்கும் சீமைக்கருவேலமும், சவுக்குத் தோப்பும், கரும்புத் தோட்டமும் அதற்குப் பகற்படுக்கை. கண் பார்வை மந்தம். மோப்பமோ மிகக் கூர்மை. மண்ணுக்குள் மறைந்திருக்கும் கடலையும் கிழங்கும் அதன் மூக்குக்குத் தப்புவதில்லை. ஓர் ஈற்றிலேயே பல குட்டிகளைப் போடும். அவற்றைக் கட்டுப்படுத்தப் புலி போன்ற பெரிய விலங்கும் இச்சமவெளியில் இல்லை.

நம் முன்னோர் பரண் கட்டினர், தகரம் தட்டினர், தீப்பந்தம் ஏந்தி விடிய விடியக் காவல் இருந்தனர். இன்றோ பிள்ளைகள் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வேலைக்குச் சென்றுவிட்டனர். பகலெல்லாம் உழைத்த முதியவர் இரவெல்லாம் விழித்திருக்க முடியுமா? ஆகவே குறுக்கு வழி ஒன்று ஊர்களில் புகுந்துவிட்டது. பம்புசெட்டுக் கொட்டகையிலிருந்தோ, கொக்கி போட்டோ மின்சாரம் எடுத்து, முழங்காலுக்குக் கீழே கட்டுக்கம்பியை வரப்போரம் இழுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கம்பிக்குக் கண் உண்டா? நள்ளிரவில் மின்சாரம் வந்ததும் மடை திருப்ப எழுந்துவரும் பக்கத்து நிலத்துக்காரரை அது அறியாது. எலி பிடிக்க வரும் ஏழையை அறியாது. விடியுமுன் ஒதுக்குப்புறம் தேடி நடக்கும் பெண்ணை அறியாது. கம்பி கட்டியவரே அதை மறந்து மிதித்து மாண்டதும் உண்டு. இத்தகைய சாவுகளை நாளேடுகளில் எத்தனை முறை படித்துவிட்டோம்! இறந்தவரின் உடலை வேறிடத்தில் கிடத்தி உண்மையை மறைக்க முயன்ற கொடுமையும் நடந்ததுண்டு. ஒரு பாவம் இன்னொன்றைக் கைப்பிடித்து அழைத்து வருகிறது.

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்காக இட்ட மின்கம்பியில் மூன்று யானைகள் மடிந்தன. தாயை இழந்த இரு குட்டிகள் அங்கே தவித்து நின்றன. 2020 மே மாதத்தில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், வெடி மறைத்த பழத்தைக் கடித்து வாய் சிதைந்த சூல்கொண்ட யானை ஒன்று, ஆற்று நீரில் நின்றபடியே உயிர்விட்டது. நாடே அதைக் கேட்டுக் கண்ணீர் வடித்தது. நம் பக்கத்தில் அவுட்டுக்காய் என்று சொல்லும் வெடியும் இவ்வகையே. வாய் வைப்பது பன்றியா, பக்கத்து வீட்டுப் பசுவா என்று அது பார்ப்பதில்லை.

நற்றிணையில் ஒரு காட்சி உண்டு. பொறி வைத்த தினைப்புனத்தில் நுழைய வந்த பன்றி, பல்லியின் குரலைத் தீய சகுனமாகக் கொண்டு திரும்பிவிடுகிறது. மின்கம்பி கட்டிய வரப்பில் நடந்துவரும் மனிதனை எச்சரிக்க எந்தப் பல்லி இருக்கிறது?

“பன்றிக்குத்தானே வைத்தோம், மனிதன் வருவான் என்று கண்டோமா?” என்பார் உண்டு. இவர்களுக்கு மறைநூல் நேரடியாகவே விடை தருகிறது. குழியைத் தோண்டி மூடாமல் விட்டவன், அதில் பிறனுடைய மாடோ கழுதையோ விழுந்து செத்தால் ஈடு செய்தாக வேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூல் (அதிகாரம் 21). புது வீடு கட்டுகிறவன், எவரும் விழுந்து இரத்தப்பழி சேராதபடி, மேல்தளத்துக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும் என்கிறது இணைச்சட்டம் (அதிகாரம் 22). குழி தோண்டியவனும் வீடு கட்டியவனும் எவரையும் கொல்ல நினைக்கவில்லை. ஆயினும் பிறர் உயிருக்கு அவர்களே பொறுப்பு. தகுந்த பெருங்காரணமின்றி ஒருவரைச் சாவின் ஆபத்துக்கு உள்ளாக்குவதை ஐந்தாம் கட்டளையின் கீழ்த் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் விலக்குகிறது. நாட்டின் சட்டமும் இதைக் கடுங்குற்றமாகவே கொள்கிறது.

அப்படியானால் உழவன் கைகட்டி நிற்பதா? இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி தனியார் எவரும் தம் விருப்பப்படி பன்றியை வேட்டையாட இயலாது. கறிக்காகக் கொல்வதும் விற்பதும் குற்றமே. ஆயினும் 2025 சனவரியில் தமிழக அரசு ஒரு வழி திறந்தது. அதன்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைக் கொல்லலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை அதைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடலாம். ஆகவே இரவில் நாமே துப்பாக்கி தூக்க வேண்டியதில்லை. ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனவர் ஆகியோரிடம் ஊரார் ஒன்றாகச் சென்று முறையிட வேண்டும். பயிரிழப்புக்கு நிவாரணம் கோரியும் வனத்துறையிடம் விண்ணப்பிக்கலாம். வேலி தேவையெனில், 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்து சூரிய மின்வேலி அமைக்கலாம். அது விட்டுவிட்டு நொடிப்பொழுது அதிரும், விலங்கை விரட்டும், முறைப்படி அமைத்தால் உயிரைப் பறிக்காது.

இவையெல்லாம் தனி ஒருவரால் ஆகிற காரியங்கள் அல்ல. இங்கேதான் நம் அன்பியங்களுக்கு வேலை இருக்கிறது. அறுவடைக்கு முந்திய இரண்டு வாரங்களுக்கு, நான்கைந்து குடும்பத்து இளைஞர்கள் முறைவைத்துக் காவல் இருந்தால் என்ன? நோயாளியின் நிலத்துக்கும் கைம்பெண்ணின் நிலத்துக்கும் சேர்த்தே அக்காவல் அமையட்டும். விளைச்சலை முற்றும் இழந்தவருக்கு அடுத்த பருவ விதைக்கேனும் வின்சென்ட் தே பவுல் சபையினர் கை கொடுக்கலாம். அடுத்தவர் துணை உண்டு என்ற நம்பிக்கை இருந்தால், கம்பியைத் தேடி எவர் கையும் போகாது.

இதை வாசிக்கும் குடும்பத் தலைவர்களே, உங்கள் நிலத்தில் அத்தகைய கம்பி இருக்குமானால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்று மாலை குடும்பச் செபமாலைக்கு முழந்தாளிடுமுன் சென்று இணைப்பைத் துண்டித்து, கம்பியைச் சுருட்டி எடுத்து வாருங்கள். இரவில் அவ்வரப்பில் நடந்து தம் வீட்டுக்குத் திரும்பவேண்டியவர்கள் இருக்கிறார்கள்.