தொண்ணூற்றைந்தின் பொருள்

ஒரு குறி பொருள் தருவது பிற குறிகளிலிருந்து அது வேறுபடுவதால்தான் என்பது மொழியியலின் அரிச்சுவடி. மிகுதியைச் சுட்டும் சொற்கள் இதனாலேயே விரைவில் தேய்கின்றன. ‘நனி’, ‘தவ’ என்பவை செய்த பணியை ‘மிக’ ஏற்றது. அது போதாதபோது ‘மிக மிக’ வந்தது. இன்று ‘வேற லெவல்’ வந்திருக்கிறது. எல்லாரும் எல்லாவற்றையும் ‘அருமை’ என்று சொல்லும் இடத்தில் அருமை என்ற சொல்லால் எதையும் பிரித்துக்காட்ட முடிவதில்லை. இந்தியாவின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் இதுவே நேர்ந்திருக்கிறது.

சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பில் 95 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றவர்கள் 2019இல் 17,693 பேர். 2020இல் 38,686 பேர். 2021இல் 70,004 பேர். இரண்டே ஆண்டுகளில் ஒரு தலைமுறையின் அறிவு நான்கு மடங்கு பெருகியிருக்க வாய்ப்பில்லை. 2020இல் பெருந்தொற்றால் சில தாள்கள் நடக்கவில்லை. 2021இல் தேர்வே நடக்கவில்லை. தேர்வு திரும்பிய பிறகு, 2023இல், இந்த எண்ணிக்கை 22 ஆயிரத்தைச் சற்றே தாண்டிய அளவுக்கு இறங்கியது. அளவுகோல் நீண்டு சுருங்கியிருக்கிறது. அதற்கிடையில் அகப்பட்ட மாணவர்களின் சான்றிதழில் மட்டும் நீண்ட அளவே நிலைத்துவிட்டது.

2021ஆம் ஆண்டின் சூத்திரம் ஊன்றிப் படிக்கத்தக்கது. பத்தாம் வகுப்புக்கு 30, பதினோராம் வகுப்புக்கு 30, பன்னிரண்டாம் வகுப்பின் பள்ளித் தேர்வுகளுக்கு 40 என்று எடை பிரிக்கப்பட்டது. பள்ளிகள் மனம்போல் வாரி வழங்கிவிடாதிருக்க ஒரு கடிவாளமும் இருந்தது: முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்தப் பள்ளி மிகச் சிறப்பாகத் தேர்ச்சி காட்டிய ஆண்டே அடிப்படை, புதிய சராசரி அதிலிருந்து குறிப்பிட்ட எல்லைக்கு மேல் விலகக்கூடாது. பார்வைக்கு இது நியாயமான ஏற்பாடு. ஆனால் இதன் விளைவு என்ன? நெடுங்காலமாக உயர்ந்த சராசரி காட்டிவந்த பெருநகரத் தனியார் பள்ளியின் நடுத்தர மாணவருக்கு அவருடைய அண்ணன்மார் ஈட்டிய மதிப்பெண் கொடையாகக் கிடைத்தது. எளிய பள்ளியொன்றில் அவ்வாண்டு தப்பிப் பிறந்தாற்போல் ஒரு நல்ல வகுப்பு அமைந்திருந்தால், அதன் தலைக்குமேல் பழைய மாணவர்களின் தோல்வி கூரையாய் நின்றது. தேர்வு எழுதாத பிள்ளைக்குப் பள்ளியின் வரலாறு மதிப்பெண் இட்டது. அவ்வாண்டுத் தேர்ச்சி விகிதம் 99.37.

எல்லாப் பழியையும் பெருந்தொற்றின் மேல் போட்டுவிட முடியாது. விடைத்தாள் திருத்தத்தில் குறிப்புச் சொற்களைத் தேடி மதிப்பெண் இடும் முறை முன்பே வேரூன்றிவிட்டது. வரலாற்றுக் கட்டுரையில் எதிர்பார்க்கப்பட்ட நான்கு கருத்துகளும் இருந்தால் முழு மதிப்பெண். வாதம் எப்படிக் கட்டப்பட்டது என்பது கணக்கில் வருவது அரிது. அதன்மேல் கேள்வித்தாளின் கடுமையைச் சமன்செய்வதாகச் சொல்லிக் கூட்டப்படும் கருணை மதிப்பெண். 2017இல் அதை நிறுத்த வாரியங்கள் முனைந்தபோது, நடுவழியில் விதியை மாற்றலாகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் அவ்வாண்டுக்குத் தடுத்தது. மாணவர் பக்கம் நின்று பார்த்தால் அந்தத் தீர்ப்பு சரியே.

தனியார் பள்ளியின் பங்கு அகமதிப்பீட்டில் தெளிவாகத் தெரிகிறது. செய்முறை இல்லாத பாடங்களில் நூற்றுக்கு 20 மதிப்பெண் பள்ளியின் கையில் இருக்கிறது. அந்த இருபதில் பதினான்கு போடும் ஆசிரியர் மறுநாள் தாளாளர் அறையில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். இருபது போடுபவரை எவரும் எதுவும் கேட்பதில்லை. ஜூன் மாதத்தில் பள்ளிச் சுவரில் தொங்கப்போகும் பதாகைக்கு முகங்கள் வேண்டும், அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு அந்தப் பதாகை வேண்டும். எழுத்துத் தேர்வுக்கும் செய்முறை மதிப்பெண்ணுக்கும் இடையே பெருத்த இடைவெளி காணப்படுவதாக 2024இல் சிபிஎஸ்இயே ஏறத்தாழ 500 பள்ளிகளுக்கு அறிவுரை அனுப்பியது. ஆசிரியரின் நேர்மையைக் குறைசொல்வது எளிது. கட்டணம் செலுத்துபவரே மதிப்பெண்ணுக்கும் காத்திருக்கும் ஏற்பாட்டில் நேர்மைக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்வி அதற்கு முன்னால் நிற்கிறது.

2021இல் டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சிலவற்றில் கட்-ஆஃப் 100 விழுக்காட்டைத் தொட்டது. நூறு பெற்றுவந்த கேரள மாணவர்கள் மீது சதிக்குற்றம் சாட்டும் அளவுக்குப் பேச்சு கீழிறங்கியது. தங்கள் வாரியத்தின் விதிப்படி வாங்கிய மதிப்பெண்ணோடு வந்ததைத் தவிர அந்தப் பிள்ளைகள் வேறொன்றும் செய்யவில்லை. அடுத்த ஆண்டே மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. ஊதிப்போன மதிப்பெண்ணுக்கு மருந்தாக அது முன்வைக்கப்பட்டது.

அந்த மருந்து நோயை இடம் மாற்றியிருக்கிறது. பல அமர்வுகளில் வெவ்வேறு வினாத்தாள். பிறகு சதமானத்தைக் கொண்டு சமன்செய்தல். தான் சரியாக எழுதிய விடைகளுக்கும் தனக்குக் கிடைத்த மதிப்பெண்ணுக்கும் உள்ள உறவை ஒரு மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்க இயலாது. மொழித்தாள் பதின்மூன்று மொழிகளில் நடக்கிறது, தமிழும் அவற்றுள் ஒன்று. ஆனால் எந்த மொழியிலும் ஒரு பத்திகூட எழுதச் சொல்வதில்லை. படித்துப் புரிந்து நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். இலக்கியத் துறைக்கு வரும் மாணவர் எழுதத் தெரிந்தவரா என்பதை முதலாண்டு ஆசிரியர் செப்டம்பரில்தான் கண்டறிகிறார். தமிழகச் சட்டப்பேரவை 2022 ஏப்ரலில் இத்தேர்வுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியபோது முன்வைத்த பயிற்சி மையக் கவலை வெறும் அரசியல் அன்று. பொறியியல், மருத்துவ நுழைவுத் தேர்வுகள் ஏற்கெனவே வகுப்பறைகளைக் காலிசெய்துவிட்டன. பெயரளவில் மட்டும் மாணவர் வைத்திருந்த ‘டம்மி’ பள்ளிகளென 2024 நவம்பரில் டெல்லியிலும் ராஜஸ்தானிலும் 21 பள்ளிகளின் இணைப்பை சிபிஎஸ்இ ரத்து செய்தது.

வியப்பு என்னவெனில், ஊதலைக் காட்டிக்கொடுக்கும் கருவி மதிப்பெண் பட்டியலிலேயே அச்சாகியிருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஏ1, ஏ2 என்று ஒரு தரம் இருக்கும். அது மதிப்பெண்ணைப் பொறுத்ததன்று. அந்தப் பாடத்தில் தேறியவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கே ஏ1. நூற்றுக்கு 90 வாங்கியும் ஏ1 கிடைக்காத பாடம் இருக்கலாம், 80க்கே கிடைக்கும் பாடமும் இருக்கலாம். அதை எந்தப் பள்ளியும் பதாகையில் போடுவதில்லை. எட்டில் ஒன்று என்பது சில நூறு இடங்களை நிரப்பப் போதாத பருமட்டான அளவு என்பது உண்மை. அதை இருபதில் ஒன்று, ஐம்பதில் ஒன்று என நுணுக்குவதற்குப் புதிய தேர்வு எதுவும் தேவையில்லை. தரவு வாரியத்திடமே இருக்கிறது. ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண் பரவலையும், ஒவ்வொரு பள்ளியின் எழுத்து, அக மதிப்பெண்களுக்கு இடையிலான இடைவெளியையும் ஆண்டுதோறும் வெளியிட்டால், பதாகையில் இருக்கும் 95ஐ எப்படிப் படிப்பது என்பதை அந்தத் தெருவில் நடந்துபோகும் பெற்றோரே தெரிந்துகொள்வார்கள்.