லெஸ்டர் யங்: முற்பகலும் பிற்பகலும்

டெனர் சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங்கைப் (1909-1959) பற்றி ஜாஸ் எழுத்துலகில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் தீர்ப்பு ஒன்று உண்டு. 1936 முதல் 1944 வரையிலான அவரது இசைப்பதிவுகள் மேதைமையின் வெளிப்பாடு. இராணுவச் சிறையிலிருந்து மீண்ட பிறகு வந்தவை உடைந்துபோன ஒரு மனிதரின் எச்சம். இதற்கு எதிர்வினையாக எழுந்த மறுதரப்போ, துயரத்தில் புடம்போடப்பட்ட பிற்காலப் பதிவுகளே ஆழமானவை என்று வாதிடுகிறது. எதிரெதிராக நிற்கும் இவ்விரு தரப்புகளும் ஒரே பிழையைத்தான் செய்கின்றன என்பது என் எண்ணம். இரண்டுமே இசையை ஒதுக்கிவிட்டு வாழ்க்கை வரலாற்றைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

முதலில் அந்த முற்பகலின் ஒளியைச் சொல்லிவிட வேண்டும். 1930களில் டெனர் சாக்ஸஃபோன் என்றால் கோல்மன் ஹாக்கின்ஸ்தான். கனத்த நாதம், அகன்ற அதிர்வு, ஒவ்வொரு கார்டையும் அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் வாசிப்பு. 1934இல் ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் குழுவில் ஹாக்கின்ஸின் இடத்திற்கு வந்த யங், அவரைப் போலவே வாசிக்க வேண்டும் என்று உடனிருந்தவர்கள் எதிர்பார்த்தார்கள். அவர் இணங்கவில்லை, சில மாதங்களிலேயே வெளியேறினார். 1936 நவம்பரில் சிகாகோவில், கவுன்ட் பேஸியும் வேறு சிலரும் அடங்கிய சிறு குழுவுடன் தன் முதல் பதிவுகளைச் செய்தபோது அவருக்கு வயது 27. அவற்றுள் ஒன்றான 'லேடி பி குட்' பாடலில் வரும் அவரது தனி வாசிப்பை இன்று கேட்டாலும் வியப்பு அடங்குவதில்லை. நாதம் மெலிந்து, அதிர்வு ஏறக்குறைய இல்லாமலாகி, கார்டுகளின் மேடுபள்ளங்களைப் பொருட்படுத்தாமல் ஒரு மெட்டு கிடைமட்டமாக ஓடுகிறது. சார்லி பார்க்கர் தன் இளமையில் யங்கின் தனி வாசிப்புகளை மனப்பாடம் செய்தவர் என்பதை நினைவுகூர்ந்தால் போதும். பிற்கால ஜாஸின் ஒரு பெரும் கிளை இங்கிருந்தே புறப்படுகிறது.

இனி அந்தப் பிளவுக்கு வருவோம். 1944இல் யங் கட்டாய இராணுவ சேவைக்கு இழுக்கப்பட்டார். போதைப்பொருள் வைத்திருந்ததற்காக 1945 பிப்ரவரியில் அலபாமாவில் இராணுவ நீதிமன்றம் அவருக்கு ஓராண்டுத் தண்டனை விதித்தது. அந்த ஆண்டின் பெரும்பகுதியை அவர் ஜார்ஜியா மாநிலத்து இராணுவச் சிறையில் கழித்தார். அங்கு ஒரு கறுப்பினக் கலைஞர் என்னென்ன பட்டிருப்பார் என்பதை ஊகிக்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. அக்கொடுமையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் அதுவே அவரது இசையைக் கொன்றது என்ற முடிவுக்கு இசைப்பதிவுகள் சாட்சி சொல்லவில்லை.

நாதம் கனத்தது சிறைக்குப் பிறகுதான் என்பார்கள். 1943 டிசம்பரில் கீனோட் நிறுவனத்திற்காக அவர் வாசித்த பதிவுகளைக் கேளுங்கள். இராணுவம் அவரைத் தொடுவதற்கு முன்பே, ஒலி இருண்டு அகலத் தொடங்கிவிட்டது. அது ஒரு கலைஞரின் தேர்வு. காயத்தின் விளைவு அல்ல. மறுபுறம், விடுதலைக்குப் பின் 1945 இறுதியில் பதிவான 'தீஸ் ஃபூலிஷ் திங்ஸ்' இருக்கிறது. எல்லோரும் அறிந்த அந்த மெட்டை அவர் வாசிப்பதே இல்லை. முதல் மூச்சிலிருந்தே அதன் நிழலில் வேறொரு மெட்டைக் கட்டுகிறார். அதே அமர்வில் பதிவானது 'டி.பி. ப்ளூஸ்'. தன்னை அடைத்துவைத்த தடுப்புச் சிறையின் முதலெழுத்துகளையே தலைப்பாக்கி, வழக்கமான 12 பார் ப்ளூஸின் நடுவே 8 பார் பாலம் ஒன்றைச் செருகி அவர் ஆக்கிய உருப்படி அது. துள்ளலும் குறும்பும் நிறைந்த இந்த வாசிப்பை உடைந்த மனிதரின் எச்சம் என்று சொல்வது எங்ஙனம்?

இதனால் பிற்காலப் பதிவுகள் யாவும் உயர்ந்தவை என்று ஆகிவிடாது. அரங்கு நிறைந்த கூட்டத்தைக் கூச்சலிட வைப்பதற்காக ஒரே சுரத்தை அவர் திரும்பத் திரும்ப ஊதும் கச்சேரிப் பதிவுகள் உண்டு. 1950களில், குடியால் உடல் தளர்ந்த நாட்களில், வேக கதியில் மூச்சும் விரலும் பின்தங்குவது தெளிவாகவே கேட்கிறது. அங்கெல்லாம் ஆழத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் விமர்சகர், கலைஞரைப் பெருமைப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு அவர்மீது இரக்கப்படுகிறார். இரக்கம் ரசனை ஆகாது.

அப்படியானால் எதைக் கொண்டு எடைபோடுவது? அதிர்ஷ்டவசமாக நமக்கு ஒரு தராசு கிடைத்திருக்கிறது. இர்விங் பெர்லின் இயற்றிய 'திஸ் இயர்ஸ் கிஸ்ஸஸ்' பாடலை யங் 1937 ஜனவரியில் பில்லி ஹாலிடேயுடன் பதிவு செய்தார். 1956 ஜனவரியில், ஹாலிடே இல்லாமல், அதே பாடலை மீண்டும் வாசித்தார். பியானோவில் டெடி வில்சன், கிதாரில் ஃப்ரெடி கிரீன், டிரம்ஸில் ஜோ ஜோன்ஸ் என்று மூவர் இரண்டு பதிவுகளிலும் இருக்கிறார்கள். பாடலும் துணையும் பெரும்பாலும் மாறவில்லை. மாறியது 19 ஆண்டுகள் மட்டுமே.

1937இல் மெட்டை முதலில் சொல்பவர் யங். பாடகி வருவதற்கு முன் முற்றத்தைக் கூட்டிக் கோலமிட்டு வைப்பதைப் போன்ற வாசிப்பு அது. சோகப் பாடல்தான், ஆனால் சோகம் அவரிடம் இன்னும் வந்து சேரவில்லை. மூன்று நிமிடத் தட்டின் சிக்கனத்திற்குள் எல்லாம் மிதக்கிறது. 1956இல் கதி தாழ்ந்திருக்கிறது. ஒவ்வொரு சங்கதிக்குப் பின்னும் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியை நிரப்ப அவர் அவசரப்படுவதில்லை. சுரத்தின் தொடக்கத்தில் காற்றின் உரசல் கேட்கிறது. முன்பு மெட்டைத் தாண்டிப் பறந்தவர், இப்போது மெட்டுக்குள் நின்று அதன் சொற்களைத் தானே உச்சரிப்பவராகிறார். சில மாதங்கள் முன்பு மருத்துவமனையில் கிடந்தவர் இவர் என்பது தெரியாமல் கேட்டாலும் இந்த இசை நிற்கும். அதுவே என் அளவுகோல்.

கண்டுபிடிப்பு என்ற வகையில் முற்காலமே பெரியது. அதில் எனக்கு ஐயமில்லை. 'லேடி பி குட்' போன்ற ஒன்று அதற்கு முன் உலகில் இல்லை. ஆனால் 1950களில் யங்கைச் சுற்றிலும் யங்குகள் முளைத்திருந்தார்கள். ஸ்டான் கெட்ஸ் முதலானோர் அவரது இளமைக் குரலைத் தமதாக்கியிருந்தனர். 'ப்ரெஸ்' என்று அழைக்கப்பட்ட அவரைப் பின்பற்றிய பால் குயினிசெட்டுக்கு 'வைஸ் ப்ரெஸ்' என்றே பட்டப்பெயர். தன் நேற்றைய குரலைப் பிறர் வாசிக்கக் கேட்கும் கலைஞருக்கு இரண்டே வழிகள்: தானும் தன்னை நகலெடுப்பது, அல்லது வேறொரு குரலைத் தேடுவது. யங் இரண்டாவதைத் தேர்ந்தார். நாம் அவரை முதலாவதைச் செய்யாததற்காகத் தண்டித்துக்கொண்டிருக்கிறோம்.

1957 டிசம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில், ஹாலிடே பாடிய 'ஃபைன் அண்ட் மெல்லோ'வில் யங் ஒரேயொரு ப்ளூஸ் சுற்று வாசித்தார். மிகச் சில சுரங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் ஹாலிடேயின் முகத்தைக் கண்டு நெகிழாதவர் அரிது. 1959இல் மார்ச் மாதம் யங்கும் ஜூலையில் ஹாலிடேயும் மறைந்தார்கள் என்பது நம் நெகிழ்ச்சியை இன்னும் கூட்டுகிறது. அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒருமுறை படத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சுற்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். இரக்கத்திற்கு அங்கே வேலையில்லை. எந்தச் சுரத்தை விட்டுவிடலாம் என்று அறிந்த ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். 27 வயதில் அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.