நருஹொதோவுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஒரகடம் பக்கம் ஜப்பான் கம்பெனி மீட்டிங் ஒன்றில் உட்கார்ந்தால், 'நருஹொதோ' என்ற சொல் காதில் விழாமல் இருக்காது. 'ஓ, அப்படியா!' என்று அர்த்தம். காப்காம் நிறுவனம் 2001-ல் ஜப்பானில் வெளியிட்ட கோர்ட் கேம் ஒன்றின் ஹீரோவுக்கு இதுதான் குடும்பப் பெயர். வக்கீலுக்கு இப்படி ஒரு பெயர் வைத்ததே காமெடி.

இது 'விஷுவல் நாவல்' பாணி கேம். துப்பாக்கி கிடையாது, ரேஸ் கிடையாது. வசனத்தைப் படித்து, சாட்சி எங்கே பொய் சொல்றார்னு பிடிக்கணும். 2005-ல் 'ஏஸ் அட்டர்னி' என்று அமெரிக்கா போனபோது, நருஹொதோ 'ஃபீனிக்ஸ் ரைட்' ஆனார். கதை லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறியது, ராமென் பர்கர் ஆனது. பின்னால் வந்த பாகங்களில் ஜப்பானியப் பேய்களை நம்பும் கிராமம் வந்தபோது, 'இது எந்த லாஸ் ஏஞ்சலஸ்ப்பா?' என்று கேட்கத் தோன்றியது. மேஜி காலத்தில் நடக்கும் 'தி கிரேட் ஏஸ் அட்டர்னி' 2015-ல் ஜப்பானில் வந்தும், ஆங்கிலத்தில் வர 2021 ஆனது. அதில் ஜப்பானை ஜப்பானாகவே விட்டார்கள்.

தமிழுக்கு? 2025-ல் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' படமே தமிழ் பேசி தியேட்டருக்கு வந்துவிட்டது. ஏஸ் அட்டர்னி முதல் மூன்று பாகங்களும் போனிலேயே கிடைக்கும், தமிழில் கிடையாது. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் அசெம்பிள் செய்துவிட்டு ஹாஸ்டல் பஸ் ஏறும் பெண், கையில் இருக்கும் போனில் இதை ஆட ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகப் படித்தாக வேண்டும்.

வந்தால், ஆங்கிலம் வழியாக வரக்கூடாது. ஜப்பானிய மொழியில் யார் யாரை எந்த மரியாதையில் கூப்பிடுகிறார் என்பதிலேயே பாதி கதை இருக்கும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. தமிழில் 'நீ', 'நீங்க', 'சார்', 'அண்ணா' எல்லாம் தயாராக இருக்கு. 'நீங்க' திடீர்னு 'நீ' ஆகும் இடத்தை தமிழ் வாசகர் உடனே பிடித்துவிடுவார்.

ஆளும் இருக்காங்க. ரெனோ-நிஸான் ஆலை 2010-ல் திறந்த ஒரகடத்தில், ஜப்பானிய எஞ்சினியர் பேசுவதை ஷாப் ஃப்ளோர் தமிழுக்கு மாற்றுவதே வேலையாக இருப்பவர்கள் உண்டு. மெஷின் மேனுவல் மொழிபெயர்ப்பவருக்கு ஜோக் வருமா என்பது நியாயமான கேள்விதான். அவரோடு ஒரு வசனகர்த்தாவையும் கேம் பைத்தியம் ஒருவரையும் உட்கார வைக்கணும். டெக்னிக்கல் தலைவலியும் உண்டு: 'கொ' மாதிரி எழுத்துகளைச் சில கேம் மென்பொருள்கள் உடைத்துக் காட்டும், தமிழ்ச் சொற்கள் வசனப் பெட்டிக்கு வெளியே வழியும்.

முழு கேம்கூட வேண்டாம், முதல் வழக்கை மட்டும் தமிழில் விட்டுப் பார்க்கலாம். அதற்கு முன் நருஹொதோவுக்கு ஒரு பெயர் பிடிக்கணும். 'அப்படியாப்பன்' என்றால் ஓவரா இருக்குமோ?