மனைக்கல் நடுமுன் மண்ணைப் பாருங்கள்!

1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நிலவியலறிஞர் பல்லாவரத்துச் சரளைமண்ணில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் துணைக்கண்டத்தின் பழங்கற்கால ஆய்வே அந்த ஒரு கல்லினின்று தொடங்கிற்று. அப் பல்லாவரத்திலேயே பெருங்கற்கால ஈமக்காடும் உண்டு.

அங்கே சட்டம் எவரைப் பிடித்தது? 1958-ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் 2010-இல் திருத்தப்பெற்றது. காக்கப்பட்ட எல்லையினின்று 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு இசைவு பெற்றே கட்டல் வேண்டும். காவல் வேண்டியதே! ஆயின், வாழ்நாளெல்லாம் உழைத்து வீடு கட்டிய எளியவன் மேல்தளம் எழுப்பவியலாது தவிக்கின்றான். பட்டியலில் ஏறாத ஈமக்காட்டையோ மண்வாரிப் பொறி ஒரே பகலில் நிரவிவிடும். மறுநாள் மனைக்கல் நிற்கும். நிலவணிகன் பெயரால் 'நகர்' ஒன்று பிறக்கும். கேட்பார் எவர்?

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அலுவலகம் சாலையின் அகலத்தை அளக்கும். பூங்காவுக்கு நிலம் விடப்பட்டதா என வினவும். மண்ணுள் தாழி உளதா என வினவுவதில்லை. புதையல் பற்றிய 1878-ஆம் ஆண்டுச் சட்டமோ பத்து உருபாவுக்கு மேற்பட்ட பொருள் கிடைத்தால்தான் தெரிவிக்கச் சொல்கின்றது. எழுத்துக் கீறிய பானையோட்டுக்கு எந்தக் கடைக்காரன் பத்து உருபா தருவான்? வெள்ளையன் வகுத்த அந்த அளவுகோலைத்தான் இன்னும் தூக்கித் திரிகின்றனர்!

கீழடி, தென்னந்தோப்பாக இருந்ததனால் தப்பிற்று. மனைகளாகியிருப்பின் 2015-இல் தோண்ட எதுவும் எஞ்சியிராது. வையைக் கரையெங்கும் மேற்கொண்ட மேற்பரப்பாய்வில் 293 தொல்லிடங்கள் அறியப்பட்டன. அவற்றுள் எத்தனைக்கு வேலியுண்டு?

வீடற்றோர்க்கு வீடு வேண்டாவா என்பர் சிலர். வேண்டும், எவரும் மறுக்கவில்லை. பிரான்சு நாட்டில் வீடுகள் எழவில்லையா? அங்கே 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கட்டுமுன் நிலத்தில் ஆய்வுக்குழிகள் இட்டுப் பார்க்கின்றனர். செலவுக்கெனக் கட்டுவோரிடம் வரி தண்டுகின்றனர். இங்கிலாந்திலும் 1990 முதல் அச் செலவு கட்டுவோன் தலையில்தான். ஒன்றும் கிடைக்காவிடின் வேலை தொடரும். கிடைப்பின் பதிவு செய்து, அகழ்ந்தெடுத்த பின்னர்த் தொடரும். ஏழையின் மேல்தளத்தை மறிப்பதினும் இது நேரிய வழி. விற்று ஊதியங் காண்பவனே செலவையும் ஏற்கின்றான்.

தமிழ்நாட்டின் நகர ஊரமைப்புச் சட்டம் 1971-இல் இங்குள்ள சட்டமன்றம் இயற்றியது. மனைப்பிரிவு ஒப்புதலுக்கு முன் தொல்லியல் துறையின் கள ஆய்வு கட்டாயம் என அதன் விதிகளில் ஒரு வரி சேர்க்கத் தில்லியின் வாயிலிற் சென்று நிற்க வேண்டுவதில்லை.