டாக்டர் பதில்: யானைக்கால் பரம்பரை வியாதியா?

"என் பெண்ணுக்கு நல்ல வரன் வந்திருக்கிறது. ஆனால் பையனின் தாயாருக்கு யானைக்கால். பிறக்கப் போகும் குழந்தைகளுக்கும் வருமோ?" என்று ஒரு தாயார் கேட்கிறார்.

பயப்படாதீர்கள், அம்மா. சாக்கடை நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுதான் இந்த வியாதியைப் பரப்புகிறது. இதற்குக் காரணமான நூல் போன்ற புழு கொசுவுக்குள் வளர்வதை 1877-லேயே டாக்டர் பாட்ரிக் மான்ஸன் கண்டார். புழு நிணநீர்க் குழாய்களைக் கெடுப்பதால், வருஷக் கணக்கில் கால் வீங்கிவிடுகிறது.

ஒரே தெருவில் எல்லோரையும் கொசு கடித்தாலும் சிலருக்குத்தான் வீங்குகிறது. சில குடும்பங்களில் இது அதிகம். புழுவை உடம்பு எதிர்க்கும் விதத்தில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆனாலும் கொசு கொண்டுவராமல் புழு வராது.

ஆகவே, ஜாதகத்தோடு பையன் வீட்டு வாசல் சாக்கடையையும் பாருங்கள்! கொசுவலை அவசியம். சம்பந்தியம்மாள் தினமும் காலைச் சோப்புப் போட்டு அலம்பி, விரலிடுக்கு ஈரத்தைத் துடைக்கட்டும். முகூர்த்தம் குறிக்கலாம்!